வக்கீல் மீரான் நெயினாவின் முகம்

தேக்காச் சந்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ரோஜாக் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு கடையைக் கை காட்டுவார்கள். வக்கீல் வீட்டு ரோஜாக் என்று கேட்டால் மட்டும் ஒலி முகம்மதுவின் கடைதான். அந்தப் பெயரை ஊர் ஒன்றும் வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார், கடைப் பலகையில் பச்சை எழுத்தில் எழுதியும் மாட்டினார்.

"வக்கீலுக்கும் வடைக்கும் என்ன சம்பந்தம் மச்சான்?" என்று அவர் மனைவி கதீஜா அப்போதே கேட்டாள்.

"வக்கீலோட பேரன் வடை சுடுறான்ல, அதான் சம்பந்தம்" என்றார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது?

கடையில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. பொரிப்பது அவர். உருளைக்கிழங்கு, முட்டை, சோயாவில் செய்த தெம்பே, இறால் வடை என்று மாவில் தோய்த்துப் போட்டெடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்குவார். வருகிறவர்கள் வேண்டியதைப் பொறுக்கித் தட்டில் வைத்தால், அதைத் துண்டு துண்டாக வெட்டி, இன்னொரு தடவை சூடு காட்டிக் கொடுப்பார். குழம்பு கதீஜாவின் பொறுப்பு. சர்க்கரைவள்ளிக்கிழங்கை அவித்துத் தோலுரித்து, கட்டியில்லாமல் மசித்து, அரைத்த மிளகாயும் புளியும் சீனியும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். ரோஜாக்கின் உயிரே அந்தச் சிவந்த குழம்பில்தான் இருக்கிறது என்று சாப்பிடுகிறவர்கள் சொல்வார்கள். பலகையில் மட்டும் வக்கீல் பெயர்.

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால் சந்தைக்குள் வந்தவர்கள் வெளியே போக முடியாமல் உட்கார்ந்துவிடுவார்கள். ஒலி முகம்மதுவுக்கு அதுதான் கொண்டாட்டம். குடையில்லாமல் மாட்டிக்கொண்டவர் எவராக இருந்தாலும், பக்கத்துக் கட்டட வேலைக்கு ஊரிலிருந்து வந்த பையனாக இருந்தாலும், ஆரம்பித்துவிடுவார்.

"என் பாட்டனாரு லண்டன்ல போய்ச் சட்டம் படிச்சவரு லா. வக்கீல் மீரான் நெயினான்னா அப்ப தெரியாத ஆளு கிடையாது. திரும்பி வந்து மார்க்கெட் ஸ்ட்ரீட் மாடியில ஆபீஸ் போட்டாரு. நெனச்சிருந்தா பெரிய முதலாளிங்க கேஸ மட்டும் பார்த்து பங்களா கட்டியிருக்கலாம். இவரு என்ன செஞ்சாரு? துறைமுகத்துல மூட்டை தூக்குறவன், ரிக்‌ஷா இழுக்குறவன், கக்கூஸ் வாளி எடுக்குறவன், இவங்க கேஸையெல்லாம் எடுத்தாரு. கொடுத்தா வாங்குவாரு, கொடுக்கலைன்னா டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவாரு."

"அப்புறம்?"

"நகராட்சியில மெம்பரா ஆனாரு. வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரா எந்திரிச்சுக் கேட்டாரு, உங்க வீட்டுக் குழாயில நல்ல தண்ணி வருது, எங்க ஆளுங்க சிராங்கூன் ரோட்டுல சாக்கடைத் தண்ணியில நிக்கிறாங்களேன்னு. அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் கால்வாயே வந்துச்சு. பிறகு சட்டமன்றத் தேர்தல்ல நின்னாரு. தோத்துட்டாரு."

"ஏன் தோத்தாரு?"

"அவருமேல உசுரா இருந்தவன் பாதிப் பேருக்கு ஓட்டு இல்ல! அப்பல்லாம் நாமளே போய்ப் பேரு பதியணும். ஒருநாள் கூலிய விட்டுட்டு எவன் போவான்?"

இந்த இடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுப்பார். அதில் ஒரு பழைய படம். நாற்காலியில் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கூர்ந்த கண்ணும் எடுப்பான மூக்குமாக. பின்னால் நாற்காலியின் முதுகில் கைவைத்து, அதே மாதிரி கோட்டுப் போட்ட இன்னொருவர் நிற்கிறார். நிற்பவருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, வெள்ளையாகப் பூசணம் பூத்துப் போயிருக்கிறது.

"மூக்கைப் பாருங்க. இப்ப என் மூக்கைப் பாருங்க" என்பார். பார்ப்பவர்களும் பாவம், தலையாட்டுவார்கள். சிலர், கோட்டுப் போட்டுக்கொண்டு காலில் செருப்புப் போட்டிருக்கிறாரே என்று கேட்பதுண்டு. "எளிமை லா, எளிமை!" என்று அதற்கும் பதில் இருந்தது.

அந்தப் படம் அவர் கைக்கு வந்ததே வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகுதான். உருவப்படம் இருக்கிற வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள், அருள் சுமந்து வருகிற வானவர்கள், நுழையமாட்டார்கள் என்று அவருடைய வாப்பா உறுதியாக இருந்தவர். பெற்ற தகப்பனின் படத்தைக் கிழிக்கவும் மனசில்லை, மாட்டவும் மனசில்லை. ஒரு கைலித் துணியில் சுற்றி அலமாரியின் அடியில் போட்டவர், பிறகு அதை எடுக்கவுமில்லை, பிள்ளைகளுக்குக் காட்டவுமில்லை. ஒலி முகம்மது பிரித்துப் பார்த்தபோது ஒரு முகம் இருந்தது, ஒரு முகம் இல்லை. பின்பக்கம் 'மீரான் நெயினா, கிராணி சிவக்கொழுந்து, தேர்தல் முடிந்த மறுநாள்' என்று மட்டும் எழுதியிருந்தது. கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. நாற்காலியில் இருப்பவர் வக்கீல், பின்னால் நிற்பவர் கிராணி. இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

அந்த வருஷம் சமூக மன்றத்தில் தேக்கா வட்டாரத்துப் பழைய மனிதர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஏற்பாடு செய்கிற சாதியா என்ற பெண் கடைக்கே வந்து படத்தை வாங்கிக்கொண்டு போனாள். ஒலி முகம்மதுவைத் திறப்பு விழாவில் பேசவும் கேட்டிருந்தாள். அன்றையிலிருந்து மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டே "பெரியோர்களே, தாய்மார்களே" என்று பேசிப் பார்ப்பார். வடை கருகும்.

விழாவுக்கு முன்னால் ஒருநாள், கண்காட்சி வேலையில் இருக்கிற பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று கதீஜா ஒரு பெரிய டப்பாவில் ரோஜாக் எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். மண்டபத்தில் படம் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. ஓர் ஆள் உயரம்.

"ஆன்ட்டி, எப்படி? நல்லா ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கிட்டோம். சட்டைப் பட்டன்கூடத் தெளிவா தெரியுது பாருங்க" என்றாள் சாதியா.

பட்டனை யார் பார்த்தது? பெண்பிள்ளைக்கு முதலில் கண் போகிற இடம் காதுதான். கதீஜாவின் கண்ணும் அங்கேதான் போனது. நாற்காலியில் இருந்தவரின் காதுமடலில் ஓர் ஓட்டை. கடுக்கன் போட்டுக் கழற்றிய ஓட்டை, தூர்ந்து போகாமல் கறுப்பாக நின்றது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுகாதிலும் பாதி தெரிந்தது.

எதிர்வீட்டு அமலா தன் மகனுக்குக் காது குத்தியபோது, அழுத பிள்ளையின் வாயில் சீனியைப் போட்டதே கதீஜாதான். அது அவர்கள் வழக்கம். தங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத் உண்டு, காதுகுத்து கிடையாது. அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் காது குத்திய ஓர் ஆண்பிள்ளையை அவள் பார்த்ததேயில்லை.

"என்ன ஆன்ட்டி, அப்படியே நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்லமா. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வருகிற வழியெல்லாம் யா அல்லாஹ், இதை நான் ஏன் பார்த்தேன் என்றுதான் இருந்தது. அவருக்கு இருப்பது ஒரே ஒரு பாட்டனார். அவர் முகத்தை இவள் எப்படிப் பிடுங்குவாள்? சொல்லாமலே விட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டாள். யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாளே அந்த நஷ்டக்காரி குடையை மடக்கிக்கொண்டு கடை முன்னால் வந்து நின்றாள்.

நன்றாக நரைத்த அம்மாள். சேலை ஓரம் மழையில் நனைந்திருந்தது. பலகையைப் படித்துவிட்டு, "நீங்கதான் வக்கீல் நெயினாவோட பேரப்பிள்ளையா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாக்கா, உட்காருங்க. என்ன சாப்பிடுறீங்க?"

"சாப்பாடு இருக்கட்டும். என் பேரு உமாமகேஸ்வரி, பிடோக்ல இருக்கேன். வக்கீலய்யாகிட்ட கிராணியா இருந்த சிவக்கொழுந்தோட மக. கண்காட்சின்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. வக்கீலும் கிராணியும் இருக்கிற படம்னு எழுதியிருந்தாங்க. அதான் வந்தேன்."

ஒலி முகம்மதுவுக்குத் தலைகால் புரியவில்லை. "கதீஜா, யாரு வந்திருக்காங்க பாரு! நம்ம கிராணி வீட்டு அக்கா!" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, ஒரு தேநீரை வாங்கி வந்து முன்னால் வைத்தார். கதீஜா அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றாள்.

"எனக்கு நெனவு தெரியறதுக்கு முன்னாடியே அப்பா தவறிட்டாரு தம்பி. இருந்த ஒண்ணு ரெண்டு படமும், நாங்க இருந்த கம்பத்துக் குடிசையெல்லாம் தீப்பிடிச்சப்ப போயிடுச்சு. முகமே தெரியாது எனக்கு."

"அம்மா ஒண்ணும் சொன்னதில்லையாக்கா?"

"என்னத்தச் சொல்வாங்க, நாலு வீட்டுல பாத்திரம் கழுவி எங்களை வளர்த்தாங்க. பேச நேரம் ஏது? நல்லா நடப்பாருன்னு சொல்வாங்க. தேர்தலப்ப லைன் வீடு லைன் வீடா போய், ஆளுங்களக் கையோட கூட்டிப்போய்ப் பேரு பதிய வச்சாராம். நடந்து நடந்து கால் வீங்கி, சப்பாத்து நுழையலையாம். கோட்டப் போட்டுக்கிட்டுச் செருப்போட அலைஞ்சாருன்னு சொல்லி அம்மா சிரிப்பாங்க. அது ஒண்ணுதான் சொன்னது."

கதீஜாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. கணவரைப் பார்த்தாள். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. கைத்தொலைபேசியில் படத்தைத் தேடி எடுப்பதிலேயே மும்முரமாக இருந்தார்.

"இந்தாங்கக்கா. உட்கார்ந்திருக்கிறது என் பாட்டனாரு. பின்னாடி நிக்கிறாரு பாருங்க, அவருதான் உங்கப்பா. முகம்தான் பூசணம் பிடிச்சுப் போயிடுச்சு, எனக்கே மனசு கஷ்டமா இருக்கு."

உமாமகேஸ்வரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வெள்ளைப் பூசணம்தான் பெரிதானது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மெதுவாகப் படத்தைக் கீழே தள்ளி, நாற்காலியின் மேல் இருந்த கையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"முகம் இல்லாட்டி என்ன, கை இருக்கே தம்பி. நல்லா தெரியுது பாருங்க. விரல்லாம் எவ்வளவு நீளம்!" அந்தக் கையை விரல் நுனியால் தடவினார். "எனக்கு இது போதும். என் மகன் நம்பருக்கு அனுப்பி விடுறீங்களா?"

அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது. கதீஜா அதை அப்படியே கொட்டினாள். வேறொருவர் கையைத் தடவிவிட்டு, அதுவே போதும் என்று அந்த அம்மாள் மழையில் நடந்து போனதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

சாயங்காலம் கடையைக் கழுவி முடிக்கிற நேரத்தில் ஆரம்பித்தாள்.

"மச்சான், ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி சொல்லாத."

"படத்துல உட்கார்ந்திருக்கிறவரு காது குத்தியிருக்காரு."

"யாரு?"

"நாற்காலியில இருக்கிறவரு. பெரிய படத்துல பார்த்தேன். ரெண்டு காதுலயும் ஓட்டை."

அவர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "பிரிண்ட்ல புள்ளி விழுந்திருக்கும்."

"புள்ளிக்கும் ஓட்டைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களும் குத்தியிருப்பாங்க."

"உங்க வாப்பா குத்தியிருந்தாங்களா? சாச்சா குத்தியிருந்தாங்களா? சரி, செருப்பு?"

"அது எளிமைன்னு எத்தனை தடவை..."

"எளிமையா! கால் வீங்கிச் செருப்போட அலைஞ்சாருன்னு அந்த அக்கா சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

சட்டியைப் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வேலையப் பாருங்க லா" என்று அவரிடம் எரிந்து விழுந்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா இந்த முகத்தத்தானடி பாட்டனாருன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். ஆஸ்பத்திரியில நெஞ்சுவலியோட கிடந்தப்பகூட இவரத்தான் நெனச்சுக்கிட்டேன். இப்ப நான் அவரு பேரனே இல்லைங்கறியா?"

"வக்கீலோட பேரன்தான் நீங்க. அதுல என்ன மாத்தம்? முகம்தான் வேற."

"வேற முகம் எங்கடி இருக்கு? அதைத்தான் பூசணம் தின்னுடுச்சே!"

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவர் சாப்பிடவில்லை. மீன் குழம்பு அப்படியே ஆறியது. சொன்னது பாவமா, சொல்லாமல் இருந்திருந்தால் பாவமா என்று அவளுக்கே குழம்பிவிட்டது.

காலையில் கிழங்கு வாங்கிவருகிறேன் என்று கிளம்பிய மனிதர் கடைக்கு வந்து சேரவில்லை. எங்கே போயிருப்பார் என்று கதீஜாவுக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு மன்றத்துக்குப் போனாள். கண்காட்சி வேலை செய்கிற பிள்ளைகள் இன்னும் வரவில்லை. படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் கிழங்குப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டைதான்" என்றார்.

அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"சொல்லாம விட்டுட்டா என்ன ஆகும் கதீஜா?"

"ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது."

"அந்தக்கா சந்தோஷமாத்தான போனாங்க?"

"ஆமா. உங்க பாட்டனாரு கையத் தடவிட்டு, அப்பா கைன்னு நெனச்சுக்கிட்டுப் போனாங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் விட்டுக் கொடுத்தா அவங்களுக்கு ஒரு முகம் கிடைக்கும். சரி. எனக்கு யாரு இருக்கா? வாப்பா ஒரு வார்த்தை அவரைப் பத்திப் பேசினது கிடையாது, எல்லாம் மத்தவங்க சொல்லிக் கேட்டதுதான். கடைக்கு வர்றவங்ககிட்ட நான் எதைக் காட்டுறது, பூசணத்தையா? சுடுற எண்ணெயில நாள் முழுக்க நிக்கிறவனுக்குப் பெருமைன்னு வேற என்ன இருக்கு, சொல்லு."

கதீஜாவுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் அந்தப் பலகையைக் கிண்டல் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்து, இன்னும் அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தை மறுபடியும் பார்த்தாள்.

"மச்சான், ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தேர்தல்ல தோத்த மறுநாள் படம் எடுக்கப் போயிருக்காங்க. அங்க இருக்கிறது ஒரு நாற்காலி. லண்டன்ல படிச்ச வக்கீலு, முதலாளி. அவருல்ல உட்காரணும்? கால் வீங்கின கிராணிய உட்கார வச்சுட்டு இவரு பின்னாடி போய் நிக்கிறாரு. உங்க பாட்டனாரப் பத்தி நீங்க எத்தனையோ கதை சொல்லியிருக்கீங்க. உண்மையைச் சொன்னா அதுல பாதிய நான் நம்புனதே இல்ல. இந்த ஒண்ண நம்புறேன்."

ஒலி முகம்மது எழுந்துபோய் நிற்பவரின் முன்னால் நின்றார். பூசணத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், நாற்காலிமேல் இருந்த கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் சரியாகப் பார்த்ததேயில்லை.

சாதியா வந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"அங்கிள், ஆர் யூ ஷ்யூர்? அப்படின்னா வக்கீலுக்கு முகமே இல்லாமப் போயிடுமே. நாளைக்கு ஓப்பனிங் லா."

"முகம் இல்லைன்னா இல்லைதான். எழுத்த மாத்திடுமா. உட்கார்ந்திருப்பவர் கிராணி சிவக்கொழுந்துன்னு போடு. நிற்பவர் வக்கீல் மீரான் நெயினா."

கிழங்குப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். வழியில் நின்று உமாமகேஸ்வரியின் மகனுக்குத் தொலைபேசியில் பேசி, அம்மாவை நாளைக்கு அவசியம் கூட்டிக்கொண்டு வரும்படி சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

திறப்பு விழாவன்று மழை விட்டிருந்தது. ஒலி முகம்மது வெள்ளைச் சட்டையும் புதுக் கைலியுமாக மன்றத்து வாசலிலேயே காத்திருந்தார். மகனுடன் உமாமகேஸ்வரி வந்து இறங்கியதும், மேடைப்பக்கம் போகவிடாமல் கையோடு உள்ளே கூட்டிப்போனார். கதீஜா பின்னாலேயே போனாள்.

"அக்கா, அன்னைக்கு நான் தப்பாக் காட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க. உட்கார்ந்திருக்கிறவருதான் உங்கப்பா."

உமாமகேஸ்வரிக்குப் புரியவில்லை. ஒலி முகம்மது காதைக் காட்டினார். செருப்பைக் காட்டினார். கீழே எழுதியிருந்ததைப் படித்தும் காட்டினார். அவர் படிப்பதை அந்த அம்மாள் கேட்டாரா என்று தெரியாது. ஆள் உயரத்தில் எதிரே இருந்த முகத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை.

"என் மகனைவிடச் சின்னவரா இருக்காரே" என்றார். பக்கத்தில் நின்ற மகன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் அதே கூர்ந்த கண், அதே மூக்கு. கதீஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

சற்றுப் பொறுத்துத்தான் உமாமகேஸ்வரி திரும்பினார். "அப்ப வக்கீலய்யா?"

"பின்னாடி நிக்கிறாருக்கா."

"வேற படம் வச்சிருக்கீங்களா தம்பி?"

"இல்லக்கா. இது ஒண்ணுதான்."

அந்த அம்மாள் ஒலி முகம்மதுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இத்தனை வருஷம் இருந்தாருக்கா. ஆசை தீரப் பார்த்துட்டேன். இனிமே நீங்க பாருங்க."

மேடையிலிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. உமாமகேஸ்வரி அவர் கையை விட்டுவிட்டுப் படத்துக்கு இன்னும் கிட்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்து, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாத பிள்ளை மாதிரி திணறினார். பிறந்ததிலிருந்து ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை அவர்.

"சாப்டீங்களாப்பா?" என்று கேட்டார்.